அம்மை வாங்க வந்தவர்கள்

கலிபோர்னியாவில் ஒரு பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் மிஷன் கட்டியாக வேண்டும். ஸ்பானியப் பாதிரியார்கள் இருநூறு வருஷங்களுக்கு முன்னால் கடலோரம் நெடுகக் கட்டிய தேவாலய வளாகங்களைத்தான் அங்கே மிஷன் என்பார்கள். அவற்றில் ஒன்றைப் பொம்மையாகச் செய்து வகுப்புக்குக் கொண்டுபோய், அதைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டும். பிள்ளைகளே செய்ய வேண்டும் என்று ஆசிரியை சொல்வார். உண்மையில் செய்வது யார் என்று ஆசிரியைக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சன்னிவேலில் ஒரு அபார்ட்மென்டின் மாடியில் இருந்தோம். மகளுக்கு ஒன்பது வயது. எனக்கு முப்பத்திரண்டு முடிந்து சில மாதங்கள். எதைச் செய்தாலும் செய்வது சரிதானா என்று இரண்டு முறை யோசிப்பேன். அப்போதும் தெளியவில்லை என்றால் கணவரைக் கேட்பேன். அவர் ஒன்று சொன்னதும் அது சரியில்லை என்பது மட்டும் தெளிவாகிவிடும்.

எங்கள் மிஷன் சர்க்கரைக் கட்டிகளால் ஆனது. கணவர் சாஃப்ட்வேர் எழுதுகிறவர் என்பதால் முதலில் பல நாட்கள் வரைபடம் மட்டுமே போட்டார். அதன் பிறகு நானும் மகளும் கட்டிகளைப் பசை தடவி அடுக்கினோம். தேவாலயம், மணிக்கூண்டு, பாதிரியார்களின் அறைகள், கல்யாணமாகாத பெண்களைப் பூட்டி வைக்கும் அறை. சுவர் எழும்பிய மறுநாளே எறும்பு வந்தது. சாப்பாட்டு மேஜையின் நான்கு கால்களையும் தண்ணீர் நிரப்பிய கிண்ணங்களுக்குள் நிறுத்தினேன். வேதியியலில் நான் வாங்கிய முதுகலைப் பட்டம் அமெரிக்காவில் எதற்காவது உதவியது என்றால் அதற்குத்தான்.

மிஷனைப் பற்றிப் பேசுவதற்காக மகள் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்திருந்தாள். அட்டையில் ஒரு பாதிரியார் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓலோனி மக்கள் கூடை முடைந்துகொண்டு, அவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, திஸ் புக் இஸ் வியர்ட்," என்றாள் மகள். "பிக்சர்ஸ் மட்டும் பாத்தா எல்லாரும் ஹாப்பி. படிச்சா எல்லாரும் செத்துப்போறாங்க."

வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது விஷயம். தட்டம்மையும் பெரியம்மையும் கப்பல்களில் வந்து இறங்கின. அந்த மக்கள் அதுவரை அவற்றைக் கண்டதில்லை. ஊர் ஊராகக் காலியானது. மிஷனுக்குள் சன்னல் சரியாக இல்லாத அந்தப் பெண்கள் அறையில் ஒருத்திக்கு இருமல் வந்தால் விடிவதற்குள் அறை முழுக்க இருமியது. நான் புத்தகத்தை மூடி, "கூரைக்கு ஓடு ஒட்டலாம் வா," என்றேன். இந்த வயதுக்கு இது தேவையா என்று ஒரு யோசனை. மறைப்பது தப்பில்லையா என்று இரண்டாவது யோசனை.

ஓடு என்பது மக்ரோனி. அதற்குச் செங்காவி வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது மகள் வயிற்றைச் சொறிந்தாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தொப்புளுக்கு மேலே பனித்துளி போல ஒரு கொப்புளம். பக்கத்தில் இன்னொன்று. ஈரோட்டில் ஏழு வயதில் எனக்கு வந்ததே அதேதான். எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் வாழ்க்கையில் சந்தேகம் வராத அபூர்வமான நிமிஷங்களில் அது ஒன்று.

உடனே ஊருக்குப் போன் போட்டேன்.

"ஆத்தா வந்திருக்கறாளா!" என்றாள் அம்மா. குரலில் பதற்றமும் இருந்தது, தூரத்துச் சொந்தம் சொல்லாமல் கொள்ளாமல் கலிபோர்னியா வரை போய்விட்ட பெருமையும் இருந்தது. "கண்ணு, தாளிச்சுப் போடாதே. எண்ணெய்ச் சட்டிய அடுப்புல வைக்காதே. தலை சீவி உடாதே. வேப்பெல கட்டு வாசல்ல. வெளியாளு யாரையும் உள்ள உடாதே. வந்தவங்க போறப்ப போய்ட்டு வாங்கன்னும் சொல்லாதே, போய்ட்டு வர்றோம்னும் சொல்ல உடாதே. ஆத்தா அதைக் கேட்டு மறுக்கா வந்துருவா."

"உள்ளயே விடக் கூடாதுன்னா, போறவங்க எங்கிருந்தும்மா வருவாங்க?"

"நீ எம்.எஸ்ஸி. படிச்சவ. எப்படியும் யாரையாவது உள்ள உட்டுருவே. அதுக்குத்தான் சொல்றேன்."

அடுத்து டாக்டர் ஆபீஸ். எடுத்த நர்ஸ், அங்கே கூட்டிவர வேண்டாம், ஆஸ்பிரின் மட்டும் தரக் கூடாது, ஓட்ஸ் போட்ட தண்ணீரில் குளிக்க வைத்தால் அரிப்பு அடங்கும் என்றார். அம்மாவோ தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரும்வரை குளியலே கூடாது என்கிறாள். கடைசியில் ஓட்ஸைப் பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டி, வெந்நீரில் நனைத்து, மகளின் உடம்பில் ஒற்றி எடுத்தேன். இது குளியலும் அல்ல, குளிக்காததும் அல்ல. நர்ஸ் கேட்டால் ஒரு பதில், ஆத்தா கேட்டால் ஒரு பதில்.

வேப்பிலைக்குக் கணவரை அனுப்பினேன். எல் காமினோ சாலையிலுள்ள இந்தியக் கடையிலிருந்து ஒரு பை நிறையக் கறிவேப்பிலையோடு வந்தார்.

"என்னங்க இது?"

"வேப்பிலை இல்லைன்னுட்டான். இது பேர்லயும் அது இருக்குல்ல?"

"ஆத்தாளுக்கு ரசமா வைக்கப்போறோம்?"

"இங்க பாரு, லீஃப் இஸ் லீஃப். தவிர சோப்பு கிடைச்சுது, வேப்பிலை சோப்பு. அதக் கட்டித் தொங்கவிடேன்."

அவர் சென்னைக்காரர். தவிர அன்றைக்கு அவருக்கு வேறு கவலை. தனக்குச் சிறுவயதில் சின்னம்மை வந்ததா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாக இருக்கும் என்று ஆபீஸில் யாரோ சொல்லிவிட்டார்கள். தன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். "மூணு பசங்கள்ல ஒருத்தனுக்கு வந்துது. எவன்னு ஞாபகம் இல்லைடா," என்றுவிட்டார் மாமியார். அன்றிலிருந்து அவர் எங்களோடு பேச வேண்டுமென்றால் பால்கனியில் நின்று, கண்ணாடிக் கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து பேசினார்.

வேப்பிலைப் பிரச்சினையை மகளே தீர்த்தாள். மிஷனுக்கு வாங்கிய பச்சைக் காகிதத்தில் இலை இலையாக வெட்டினாள். ஓரத்தில் ரம்பப் பல் வேண்டும் என்றேன். ஒவ்வோர் இலைக்கும் பல் வைத்தாள். நூலில் கோத்து வாசல் கதவில் கட்டினோம். ஆத்தா இதை ஏற்பாளா என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். ஊர் விட்டு ஊர் வந்தால் எல்லாரும்தானே அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்கிறோம்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண். ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் வேலை பார்ப்பவர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். ஆறு வயதில் ஒரு மகள். அந்தச் சிறுமிக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது, அது அம்மாவின் கிளினிக்குக்கு நல்ல விளம்பரம் இல்லை. அவர் ஆங்கிலத்தில் பேசியதையெல்லாம் என் தமிழில்தான் சொல்ல முடியும்.

"டோர்ல டெக்கரேஷன் அழகா இருக்கு. என்ன பண்டிகை?"

"பண்டிகை இல்லைங்க. மகளுக்குச் சிக்கன் பாக்ஸ்," என்று சொல்லி, அவர் ஓடுவதற்கு வசதியாக ஒரு அடி பின்னால் தள்ளி நின்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நிஜமாவா? ஓ, தேங்க் காட்! நாளைக்கு மத்தியானம் என் பொண்ணக் கூட்டிட்டு வரட்டுமா? குக்கீஸ் நான் கொண்டு வரேன்."

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். இந்த நோய் சின்ன வயதில் வந்தால் லேசு, வளர்ந்தபின் வந்தால் கஷ்டம். அதனால் எந்த வீட்டில் வந்திருக்கிறதோ அங்கே பிள்ளையைக் கூட்டிப்போய் விளையாட விட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்களாம். தடுப்பூசி பரவலாகாத காலம் அது. அதற்குச் சிக்கன் பாக்ஸ் பார்ட்டி என்றே பெயராம். நம் ஊரில் கல்யாணத்துக்கும் கடன் கேட்கவும்தான் இப்படி வீடு தேடி வருவார்கள்.

வெளியாளை உள்ளே விடாதே என்பது அம்மாவின் உத்தரவு. வாசலில் வந்து நிற்பவரை வராதே என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அது என் பிறவிக் கோளாறு. கண்ணாடிக் கதவின் இடுக்கு வழியாகக் கணவரைக் கேட்டேன்.

"ஏதாவது பேப்பர்ல சைன் வாங்கிக்கோ," என்றார்.

அது சரியில்லை என்று தெளிவானது. வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் தாயும் மகளும் வந்தார்கள். சிறுமி பார்ட்டிக்கு வருவது போலவே உடுத்தியிருந்தாள். தாயின் கையில் ஒரு தட்டு குக்கீஸ், ஒரு விளையாட்டுப் பெட்டி, ஒரே ஒரு லாலிபாப்.

"லாலிபாப் எதுக்கு ஒண்ணு?" என்றேன்.

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நக்கணும். அப்பத்தான் நிச்சயமா ஒட்டும்."

அம்மை ஒட்டினால் ஒட்டிக்கொண்டு போகட்டும், ஆனால் எச்சில்! கொப்புளத்தைக் கண்டு பயப்படாத நான் லாலிபாப்பைக் கண்டு சுவரோரம் ஒதுங்கினேன்.

மகளை அழைக்க உள்ளே போனால் படுக்கையில் ஆள் இல்லை. குளியலறைக் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது.

"கண்ணு, வெளிய வா. ஆன்ட்டி வந்திருக்காங்க."

"நோ! அவங்களைப் போகச் சொல்லு!"

"அப்படிப் பேசக் கூடாது. வந்தவங்களை..."

"அம்மா, ஐ வில் கில் ஹர்!" உள்ளிருந்து அழுகை வெடித்தது. "புக்ல இருக்கு. ஃபர்ஸ்ட் வந்தவங்க சிரிச்சுக்கிட்டே ஃப்ரெண்ட்லியாத்தான் வந்தாங்க. அப்புறம் எல்லாரும் டெட். குட்டிப் பசங்கதான் ஃபர்ஸ்ட். ஐயாம் த பாதிரியார்!"

வேறொரு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். உடம்பு முழுக்க அரிப்புக்கான காலமைன் லோஷன் பூசி, தலை சீவாமல், ஓட்ஸ் வாசத்தோடு ஒரு பாதிரியார். ஆனால் அந்த அழுகை நடிப்பில்லை. முந்தின நாள் முழுக்க அவள் சொறிந்துகொள்ளாமல் பொறுத்துக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொப்புளம் உடைந்தால் அதிலிருந்து கிளம்பிப் போய் யாரையாவது கொன்றுவிடும் என்று நம்பியிருக்கிறாள். படிக்கவிட்டதும் நான்தான், பாதியில் மூடியதும் நான்தான். மீதியை அவளே படித்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பெண் என் பின்னால் வந்து நின்றார். "யாரைக் கொல்லப்போற, ஸ்வீட்டி?"

"உங்க பொண்ணை. ஐயாம் சாரி. ஓலோனிஸ் எல்லாரும் இதுலதான் செத்தாங்க. ஒருத்தர்கூட இல்லை."

அந்தப் பெண் கார்ப்பெட்டில் உட்கார்ந்து குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"எல்லாரும் இல்லை. எல்லாரும் செத்திருந்தா நான் எங்கேருந்து வந்தேன்?"

உள்ளே அழுகை நின்றது. என் மூளையும் நின்றது. மூன்று வருஷமாக அடுத்தடுத்த கதவு. அவருடைய கறுப்பு முடியையும் முகத்தையும் பார்த்து மெக்சிகோ என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

பிறகு உள்ளே முன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாக அழுகை. "அப்போ இன்னும் மோசம்! மிச்சம் இருக்கற ஒரு குட்டிப் பொண்ணையும் நான்..."

பக்கத்து வீட்டுப் பெண் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஹனி, நாங்க கொஞ்சம் பேர் இருக்கோம். என் தங்கைக்கு மட்டும் நாலு பசங்க. வேணும்னா ஒரு நாள் எல்லாரையும் அனுப்பறேன்."

கதவுக்கு உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி. நான் கையில் ஓட்ஸ் காலுறையோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். கூடத்தில் சிறுமி குக்கீஸைத் தனியாகத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா போற இடமெல்லாம் தன்னை மெக்சிகன்னுதான் சொல்லிக்குவாரு," என்றார் அவர். "அப்படிச் சொன்னாத்தான் வேலை கிடைச்சது, தொந்தரவும் இல்லை. பழக்கத்துல எங்ககிட்டயும் அதையே சொல்லிட்டாரு. எனக்குப் பதினாறு வயசுலதான் விஷயம் தெரிஞ்சுது. எங்க பாஷையில மொத்தம் நாலு வார்த்தை தெரியும். அதுல ரெண்டு அப்பா திட்டறது."

"அந்த ரெண்டு என்ன?" உள்ளிருந்து.

"உங்கம்மா பக்கத்துல இருக்காங்க, அப்புறம் சொல்றேன்."

இப்போது கதவுக்கு அந்தப் பக்கமும் யாரோ உட்காரும் சத்தம் கேட்டது. மகளின் குரல் தாழ்வாக வந்தது. "எனக்கு ஃபீவர் வந்துது, போயிடுச்சு. அவங்க மட்டும் ஏன் செத்தாங்க?"

நான் என் படிப்பைத் திரட்டிக்கொண்டு எதிர்ப்பு சக்தி என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், பிறகு சொன்னார்.

"அதெல்லாம் உண்டு. இதைவிடப் பெரிய நோயெல்லாம் வந்தது. ஆனா அப்பா ஒண்ணு சொல்லுவாரு. நோய் மட்டும் கொல்லலை, எல்லாரும் ஒரே நேரத்துல படுத்ததுதான் கொன்னுதுன்னு. அம்மா, அப்பா, பக்கத்துக் குடிசை, வைத்தியம் பாக்கறவர், எல்லாரும். தண்ணி மொண்டு குடுக்க எந்திரிச்சு நிக்கற ஆள் ஒருத்தர்கூட இல்லை. வைத்தியருக்குத் தெரிஞ்சது வேர்க்க வெச்சு, குளிர்ந்த ஆத்துல முங்க வைக்கறது. வேற காய்ச்சலுக்கெல்லாம் அது கேட்டிருக்கு. இந்தப் புதுக் காய்ச்சலுக்கு அதுவே எமனாச்சு. அப்புறம் யாரு அவரை நம்புவாங்க? அவரும் போனாரு, அவரு பாடற பாட்டும் போச்சு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதி உன் புக்ல இருக்கறது."

கிண்ணத்துத் தண்ணீரில் காலை வைத்து நிற்கும் மேஜைமேல் சர்க்கரை வீடு என் கண்ணில் பட்டது. அந்தப் பெண்கள் அறைக்குச் சன்னல் வைக்கலாமா என்று மகள் கேட்டபோது, வரைபடத்தில் இல்லை என்று நான் சொல்லியிருந்தேன்.

"ஆன்ட்டி," என்றாள் மகள். "உங்க பொண்ணுக்கு வந்தா யார் தண்ணி குடுப்பாங்க?"

"நான்தான். எனக்கு அஞ்சு வயசுலயே வந்து போயிடுச்சு. அதனாலதான் இப்பவே இவளைக் கூட்டிட்டு வந்தேன். எங்க வீட்டுல இது திடீர்னு வந்து கதவைத் தட்டட்டும்னு யாரும் காத்திருக்க மாட்டோம். நாங்க இருக்கறப்ப, லீவு போட முடியறப்ப வரட்டும்."

தாழ்ப்பாள் விலகியது. கண் வீங்கி, மூக்கு ஒழுகி, உடம்பெல்லாம் இளஞ்சிவப்புப் பூச்சோடு என் மகள் வெளியே வந்தாள். ஒரு கேள்வி மிச்சம் வைத்திருந்தாள். "பிராமிஸ்?"

"பிராமிஸ். இங்க பாரு, இதைவிடப் பெரியதுக்கே நான் தயாரா இருக்கேன்." அந்தப் பெண் சட்டைக் கையை மேலே சுருட்டினார். தோளுக்குக் கீழே பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பு. நானும் சேலை முந்தானையை ஒதுக்கி என் தழும்பைக் காட்டினேன். என்னுடையது பெரிது. ஈரோட்டு நர்சுக்குக் கை கனம். இரண்டு பேரும் கையைக் கையோடு ஒட்டி வைத்து, ஏதோ நகைக்கடையில் டிசைன் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகளுக்கு அந்தத் தழும்பு இல்லை. அவள் பிறப்பதற்குள் அந்த நோய் உலகத்தை விட்டே போய்விட்டது.

அதன் பிறகு பார்ட்டி ஒழுங்காக நடந்தது. லாலிபாப் கைமாறியதை நான் பார்க்கவில்லை, பார்க்க வேண்டாம் என்று சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன். சாப்பாடு போட்டேன். தாளிக்காத பருப்பு, உப்புக் குறைந்த தயிர் சாதம். மன்னிக்க வேண்டும், ஆத்தா இருக்கும்போது கடுகு பொரிக்கக் கூடாது என்று விளக்கினேன்.

"சிக்கன் பாக்ஸுக்கு ஒரு சாமி இருக்கா உங்களுக்கு?" ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். "அவங்களுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காதுன்னெல்லாம் தெரியுமா?"

"கூழ் பிடிக்கும். இளநீர் பிடிக்கும். சத்தம் போட்டா பிடிக்காது."

அவர் யோசித்தார். "நல்லா இருக்கு. எங்களுக்கு வந்தது யாருன்னே தெரியலை. தெரியாதவங்களுக்கு எப்படிப் பேர் வைக்கறது, என்ன ஆக்கிப் போடறது? தெரிஞ்சுக்கறதுக்குள்ள பேர் வைக்கற ஆளே போயிட்டாங்க."

இன்னும் கொஞ்சம் தயிர் சாதம் போட்டேன். எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

கிளம்பும்போதுதான் தகராறு. அவர் வாசலில் நின்று "தேங்க் யூ ஸோ மச், பை!" என்றார். நான் கல் மாதிரி நின்றேன். போய்ட்டு வாங்க என்றும் சொல்லக் கூடாது, பை என்று சொன்னாலும் அதே அர்த்தம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவர் முகம் சுருங்கியது. கையசைத்தார். நான் கதவைச் சாத்தினேன். மூன்று வருஷப் பழக்கத்தில் ஒருவரை இப்படி அவமதித்தது கிடையாது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டால் ஆத்தாளை அழைத்ததாகிவிடுமா என்று இரண்டு முறை யோசித்தேன். அதற்குள் மகள் சன்னலைத் திறந்து கத்தினாள்.

"ஆன்ட்டி! எங்கம்மா உங்களை இன்ஸல்ட் பண்ணலை! பை சொன்னா டிஸீஸ் திரும்பி வந்துரும்! டோன்ட் ஸே பை!"

வெளி நடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுத்து வந்த நாட்களில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் கொப்புளத்துக்காகக் காத்திருந்தார்கள். கணவர் தினமும் காலையில் கண்ணாடி முன் சட்டையைக் கழற்றி முதுகைப் பார்க்க முயன்றார். பழைய பரு ஒன்றுக்காக அரை நாள் லீவு போட்டார். மகள் பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கண்காணித்தாள். லாண்டரி அறையில் அவளைப் பார்த்தால் சட்டையைத் தூக்கச் சொல்வாள். அவளும் தூக்கிக் காட்டுவாள். ஒன்றும் இருக்காது. இருவருக்கும் ஏமாற்றம்.

இதற்கிடையில் மகளின் பொருக்குகள் காய்ந்து உதிர்ந்தன. மஞ்சளும் கறிவேப்பிலையும் கலந்த வெந்நீரைத் தலைக்கு ஊற்றினேன், கணவர் வாங்கி வந்தது வீணாக வேண்டாம், ஏதாவது ஒரு இலை மிதக்கட்டும் என்பதற்காக. குளியல் தொட்டி மஞ்சளானது. என்ன தேய்த்தும் போகவில்லை. மகள் மிஷனைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

போவதற்கு முன் அதில் சில மாற்றங்கள் செய்திருந்தாள். பெண்கள் அறையின் சுவரில் மூன்று கட்டிகளைப் பெயர்த்து ஒரு சன்னல் வைத்திருந்தாள். அறைக்கு வெளியே, பசை பாட்டில் மூடிகளில் நீலக் காகிதம் ஒட்டி வரிசையாக வைத்திருந்தாள். என்ன அது, கிணறா என்று ஆசிரியை கேட்டாராம். தண்ணீர், எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை என்று சொல்லி, அதற்கு மேல் பேச வராமல் நின்றாளாம். ஆசிரியை அவளை அணைத்துக்கொண்டாராம். ஆனால் நேர்த்திக்கு மதிப்பெண் குறைத்துவிட்டார். சுவரில் மஞ்சள் விரல் தடங்கள் இருந்தன, மணிக்கூண்டில் எறும்பு. கணவருக்கு அந்தச் சன்னலில்தான் வருத்தம். "வரைபடத்துல இல்லாததை ஏன் வெச்சா?"

அதற்கடுத்த சனிக்கிழமை கதவு படபடவென்று தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார், பரீட்சை முடிவு வந்தது போல.

"வந்துருச்சு! முதுகுல ஏழு!"

கணவர் சோபாவிலிருந்து எழுந்து நேராகப் பால்கனிக்குப் போனார். மகளின் முகம் வெளுத்தது. சமையலறைக்குப் போய், அலமாரியில் எட்டாமல் நாற்காலி போட்டு ஏறி, எங்கள் எவர்சில்வர் சொம்பை எடுத்தாள். தண்ணீர் நிரப்பினாள். வாசலில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த காகித வேப்பிலையில் ஒரு சரத்தை அறுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மை கண்டு ஒரு மாதம்கூட ஆகாத வீட்டிலிருந்து இன்னோர் அம்மை வீட்டுக்குப் போகலாமா? போன் போட்டேன்.

"ஆத்தாளுக்கு அது வேற வூடா?" என்றாள் அம்மா. "போகச் சொல்லு. சொம்புல தண்ணி மட்டும் சிந்தாம பாத்துக்கச் சொல்லு."

நானும் கூடவே போனேன். சிறுமி சோபாவில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு, பல் இல்லாத வாயால் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். உலகத்தில் அவளைவிடச் சந்தோஷமாக யாரும் அன்று இல்லை. மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தாள். இன்னொரு டம்ளர். குடித்தாள். மூன்றாவது டம்ளருக்குச் சிறுமி, "இப்பவே எனக்குப் பாத்ரூம் போகணும்," என்றாள். போய் வந்ததும் மறுபடியும் டம்ளர் நீண்டது.

"நீங்களும் குடிங்க ஆன்ட்டி," என்று தாயிடமும் ஒன்று நீட்டினாள் மகள். "நீங்க படுத்துடக் கூடாது."

அந்தப் பெண் வாங்கி முழுக்கக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் பார்க்காமல் இருக்க வசதியாக, சமையலுக்கு என்ன யோசனை என்று கேட்டேன். தாளிக்கக் கூடாதா என்று கேட்டார். கூடாது என்றேன். "தாளிக்கறதுன்னா என்னன்னே எனக்குத் தெரியாது, அதனால பிரச்சினை இல்லை," என்றார்.

கிளம்பினோம். அவர் வாசல்வரை வந்தார். வாயைத் திறந்தார், சட்டென்று நினைவு வந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் அவரைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினாள். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. மகளின் கழுத்திலிருந்த காகித இலைச் சரத்தை அவர்கள் அதில் ஏற்கெனவே ஒட்டியிருந்தார்கள், கொஞ்சம் தலைகீழாக.

வீட்டுக்கு வந்தபின்தான் சொம்பு அங்கேயே இருப்பது தெரிந்தது. என் கல்யாணச் சீர் சொம்பு, அடியில் பெயர் வெட்டியது. சிறுமிக்குக் குணமாகி, பள்ளிக்குப் போய், முன்பல் முளைத்தபின்னும் அது வரவில்லை. அவர்கள் சன்னலைத் தாண்டிப் போகும்போது அது மேஜையில் தண்ணீரோடு இருப்பது தெரியும். போய்க் கேட்கலாமா என்று யோசித்தேன். இரண்டாவது முறை யோசித்தபோது, இருக்கட்டும் என்று தோன்றியது. கணவரைக் கேட்கவில்லை.